நாலு எழுத்தும் ஒரு பெயர் வரியும்

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே அறையில் நான் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தி வருகிறேன். அதைப் பற்றி மலருக்கு எழுத வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். "டி.என்.ஏ., ஜீன் என்று பலகை நிறைய எழுதிப் போடுகிறீர்களாமே, எங்களுக்கும் புரிகிற மாதிரி கொஞ்சம் சொல்லக் கூடாதா அம்மா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் படிப்பவர்கள். அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள், "எஞ்சினீயரிங் கிடைக்கவில்லை, அதனால் இதில் சேர்த்திருக்கிறோம்" என்று சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று சொல்வதற்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டே வரி. புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டரும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. நோய்க்கிருமிகளின் மரபு எழுத்துகள் அடங்கிய ஃபைல்களைப் படித்து, பிரித்து, சரிபார்த்து, வேண்டிய வடிவில் வேறு ஃபைலாக எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். கேட்டால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதல்லவா? உண்மையில் அதுதான். ஆனால் இந்தக் குமாஸ்தா வேலையின் மறுமுனையில் ஒரு நோயாளி இருக்கிறார்.

எழுத்து என்றால் எது?

'நாலு எழுத்துப் படித்தவன்' என்று நம் ஊரில் சொல்வதுண்டு. இயற்கையும் அந்த நாலு எழுத்தோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கு வகைப் பொருள்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக அமைந்திருக்கின்றன. அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்பவை அவற்றின் பெயர்கள். முதல் எழுத்தை மட்டும் எடுத்து ஏ, சி, ஜி, டி என்று ஃபைலில் எழுதுகிறோம். கொரோனா போன்ற கிருமிகளில் இருப்பது ஆர்.என்.ஏ. என்றாலும், வசதிக்காக அதையும் இதே நான்கு எழுத்துகளில்தான் எழுதி வைக்கிறார்கள்.

எழுத்துகள் நான்குதான், நீளம்தான் மலைக்க வைக்கும். 1977 இல் ஃபிரெடரிக் சாங்கர் குழுவினர் ஃபை-எக்ஸ் 174 என்ற சின்னஞ்சிறு வைரஸின் வரிசையைப் படித்தார்கள். அது 5,386 எழுத்து. 2020 ஜனவரியில் சீனத்திலிருந்து வெளியான கொரோனா கிருமியின் முதல் வரிசை 29,903 எழுத்து. ஆய்வுக்கூடங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் காசநோய்க் கிருமியின் வரிசை 44 லட்சத்து 11 ஆயிரத்து 532 எழுத்து. மனிதனுக்கோ ஏறக்குறைய 310 கோடி. கண்ணால் படித்து முடிக்கிற காரியமா இது? ஆகவே கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் பரவலாவதற்கு முன்பே இந்த வரிசைகளைத் தொகுக்கும் வேலை தொடங்கிவிட்டது. 1965 இல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் அம்மையார் அன்று வரை தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டிப் புத்தகமாகவே வெளியிட்டார். 1982 இல் ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியம் அமெரிக்காவில் ஏற்பட்டது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதே போன்ற களஞ்சியங்கள் உள்ளன. இம்மூன்றும் தங்களுக்குள் நாள்தோறும் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. நம் நாட்டிலும் 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பட்டது. ஜென்பேங்கில் உள்ளவற்றை எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் படிக்கும் அதே ஃபைலை கிர்க்கியில் வாடகை வீட்டில் இருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் படிக்கலாம். இப்படிப்பட்ட சமத்துவம் வேறு எத்தனை துறைகளில் இருக்கிறது, சொல்லுங்கள்!

பெயர் வரி

சரி, ஃபைலுக்கு வருவோம். மிக எளிமையானது ஃபாஸ்டா என்ற வகை. 1980களில் டேவிட் லிப்மன், வில்லியம் பியர்சன் என்ற இருவர் வரிசைகளை ஒப்பிட்டுத் தேடுவதற்காக ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதன் பெயரே இந்த ஃபைல் வகைக்கும் நிலைத்துவிட்டது.

இதன் இலக்கணம் மிகச் சுருக்கம். முதல் வரி > என்ற குறியோடு தொடங்கும். அது பெயர் வரி. அடுத்த வரியிலிருந்து எழுத்துகள். மறுபடியும் > வந்தால் அடுத்த வரிசை தொடங்குகிறது என்று பொருள். அவ்வளவுதான். பத்து வயதுப் பையனுக்குக்கூடப் புரியும்.

புரிவது எளிது, ஜாக்கிரதையாக இருப்பதுதான் கடினம். பெயர் வரியில் எவ்வளவு எழுதியிருந்தாலும், முதல் இடைவெளி வரை உள்ள சொல்லைத்தான் பெரும்பாலான புரோகிராம்கள் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் விளக்கம் என்று ஒதுக்கிவிடும்.

இதன் சங்கடம் நமக்குத் தெரியாததா? இந்த மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போன ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் பட்டதுதானே! படிவத்தில் முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர், பிறகு தகப்பனார் பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது; ஓர் எழுத்து இனிஷியல்தான். எஸ். லட்சுமி என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் அவள் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறொரு விதம். மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் போய் நிற்க வேண்டும். பெயரை எங்கே வெட்டுவது என்பதைப் படிவம் தீர்மானிக்கிறது, அவதிப்படுவது ஆள். வரிசை ஃபைல்களிலும் இதே கதைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையிலிருந்து 48 காசநோயாளிகளின் கோழை மாதிரிகளிலிருந்து எடுத்த வரிசைகள் ஒரே ஃபைலாக வந்தன. நோயாளியின் பெயரை அதில் எழுதவே கூடாது. எண்தான் போட வேண்டும். ஆனால் அனுப்பியவர்கள் இந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, எண்ணை எழுதிவிட்டார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவர் தாமே எழுதிய புரோகிராமில் அதைப் படித்தார். அது முதல் சொல்லை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொண்டது. நான்கு பாட்டீல்கள் ஒரு பாட்டீல் ஆனார்கள். மூன்று ஜாதவ்கள் ஒருவர் ஆனார்கள். மூன்று ஷிண்டேக்களும் அப்படியே. ஒரே அடையாளத்தில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். 48 பேர் 41 பேர் ஆகிவிட்டார்கள்.

புரோகிராம் எந்தத் தவறும் சொல்லாமல் முடிந்தது. அட்டவணையும் அழகாக அச்சாகி வந்தது. 41 வரிகள் உள்ள அட்டவணையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. "எத்தனை குழாய் வந்தது?" என்று நான் வழக்கப்படி கேட்டேன். பதிவேட்டில் 48. "எத்தனை வரி?" என்று எண்ணச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. திரும்பப் படித்தோம். விடுபட்ட ஏழு பேரில் ஒருவருடைய கிருமியில், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு மசியாத எழுத்து மாற்றம் இருந்தது. எண்ணிப் பார்க்காவிட்டால் அவருக்கு அதே மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவரும் இருமிக்கொண்டே இருந்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவர் பயோபைத்தானில் உள்ள ஆயத்தக் கருவியைக் கொண்டு அகராதி அமைத்திருந்தால், ஒரே அடையாளம் இரண்டு முறை வந்ததுமே அது வேலையை நிறுத்திப் புகார் சொல்லியிருக்கும். நன்றாக எழுதப்பட்ட கருவியின் பெருமை அதுதான். சந்தேகம் வந்தால் அது மௌனமாகப் போகாது.

எது தொலையும், எது தங்கும்?

ஃபாஸ்டா ஒரு விலாசம் எழுதிய உறை என்றால், ஜென்பேங்க் வகை ஃபைல் ஒரு முழு ஜாதகக் குறிப்பு. கிருமி எது, எந்த நாட்டில், எந்தத் தேதியில், யாரிடமிருந்து எடுத்தது, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த ஜீன், யார் படித்தார்கள் என்பதெல்லாம் மேலே இருக்கும். எழுத்துகள் கடைசியில்தான் வரும். இரண்டு சாய்கோடுகளோடு ஒரு வரிசை முடியும்.

ஜென்பேங்க் ஃபைலை ஃபாஸ்டாவாக மாற்றுவது ஒரே வரி வேலை. ஆனால் மாற்றிய அந்தக் கணமே ஜாதகக் குறிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஃபாஸ்டாவிலிருந்து அதை மறுபடி வரவழைக்க எந்தப் புரோகிராமாலும் முடியாது. இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? ஆகவே எங்கள் வகுப்பின் முதல் சட்டம்: மூல ஃபைலின் மேல் எழுதாதே. வேறு பெயரில் எழுது. எழுதச் சொன்னால் கம்ப்யூட்டர் 'பழையதை அழிக்கட்டுமா?' என்று கேட்காமலே அழித்துவிட்டு எழுதும்.

மூன்றாவது வகை ஃபாஸ்ட்க்யூ. கருவியிலிருந்து நேராக வருவது இதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி: பெயர், எழுத்துகள், கூட்டல் குறி போட்ட ஒரு வரி, கடைசியில் நம்பகத்தன்மை. ஒவ்வோர் எழுத்தையும் கருவி எவ்வளவு நிச்சயமாகப் படித்தது என்பதை ஒரு குறியால் காட்டியிருப்பார்கள். 20 மதிப்பு என்றால் நூறில் ஒன்று தவறாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. பெரியவர்கள் பழைய கடிதத்தைப் படித்துக் காட்டும்போது, "இந்த இடம் சரியாகத் தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்வார்களே, அதைப் போல. இந்த நான்காவது வரியைத் தூக்கி எறிந்துவிட்டால் தெளிவான எழுத்துக்கும் மங்கலான எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. ஃபாஸ்ட்க்யூவில் பெயர் வரி @ குறியோடு தொடங்கும். அதே குறி நம்பகத்தன்மை வரியின் முதலிலும் வரலாம். '@ வந்தால் புதுத் துண்டு' என்று அவசரமாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கே வழுக்கி விழுவார்கள்.

ஒன்றா, பூஜ்யமா?

மாடிக் கட்டடத்தில் தரைத் தளம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் உள்ளதுதான் முதல் மாடி. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் அப்படித்தான் எண்ணும். அதற்கு முதல் எழுத்தின் எண் பூஜ்யம். ஜென்பேங்க் ஃபைலோ நம்மைப் போல ஒன்று, இரண்டு என்று எண்ணும். இந்த ஓர் எண் வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்குக் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் உதாரணம் தருகிறேன்.

கொரோனா கிருமியின் மேலே முள் முள்ளாக இருக்குமே, அந்த முள் புரதத்துக்கான ஜீன் 21,563 ஆம் எழுத்தில் தொடங்கி 25,384 இல் முடிகிறது. மொத்தம் 3,822 எழுத்து. செல் இதை மும்மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்கும். ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலம். கடைசி மூன்று எழுத்து 'நிறுத்து' என்ற முற்றுப்புள்ளி. ஆக 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். தொடக்கம் இப்படி:

ஏடிஜி – டிடிடி – ஜிடிடி – டிடிடி – சிடிடி – ஜிடிடி – டிடிஏ – டிடிஜி – சிசிஏ – சிடிஏ...

பைத்தானிடம் 21,562 இலிருந்து வெட்டு என்று சொன்னால் இது சரியாகக் கிடைக்கும். ஃபைலில் போட்டிருக்கிறதே என்று 21,563 ஐ அப்படியே கொடுத்தால், முதல் எழுத்து ஒன்று விடுபட்டு இப்படி வரும்:

டிஜிடி – டிடிஜி – டிடிடி – டிடிசி – டிடிஜி – டிடிடி – டிஏடி – டிஜிசி – சிஏசி – டிஏஜி...

டிஏஜி என்பது முற்றுப்புள்ளி. 1,273 அமினோ அமிலங்கள் இருக்க வேண்டிய புரதம் ஒன்பதோடு நின்றுவிட்டது! எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. தொடங்கிய இடம்தான் மாறியது. இந்த உதாரணத்தைப் பலகையில் எழுதியதும் பிள்ளைகள் தாங்களே நோட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் எண்ணிக்கையை அலட்சியம் செய்வதில்லை.

காசநோயில் இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் மருந்துக்கு மசியாத கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றில், ஆர்.பி.ஓ.பி. என்ற ஜீனில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் மாற்றம் இருக்கும். அடிக்கடி காண்பது டிசிஜி என்பது டிடிஜி ஆவது. ஒரே ஓர் எழுத்து! பழைய கட்டுரைகளில் இந்த இடத்தை 531 என்று போட்டிருப்பார்கள். புதியவற்றில் 450. இரண்டும் ஒரே இடம்தான். முதலில் இ. கோலை என்ற வேறொரு பாக்டீரியாவின் புரதத்தை வைத்து எண்ணினார்கள். பிறகு காசநோய்க் கிருமியின் சொந்தப் புரதத்தை வைத்து எண்ணத் தொடங்கினார்கள். எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ளாமல் 531 ஆம் இடத்தைப் பார்க்கச் சொன்னால், கம்ப்யூட்டர் சமர்த்தாகத் தப்பான இடத்தைப் பார்த்து 'மாற்றம் இல்லை' என்று சொல்லிவிடும். உலகிலேயே காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நம் நாட்டில் இது சின்ன விஷயமா?

மார்ச் மாதமான ஜீன்

எல்லாம் கனமாகப் போகிறதே என்று நினைக்கும் அன்பர்களுக்காக ஒரு தமாஷ். மனித ஜீன்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் சில 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று இருந்தன. எக்ஸெல் அட்டவணையில் அதை அடித்தால் எக்ஸெல் என்ன செய்யும்? மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிவிடும்! 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்ஸெல் ஜீன் பட்டியல் இணைத்த விஞ்ஞானக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாகக் கண்டுபிடித்தது. கடைசியில் 2020 இல், மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவினர் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மார்ச் 1 என்பது மார்ச்எஃப் 1 ஆயிற்று. செப்ட் 1 என்பது செப்டின் 1 ஆயிற்று. எக்ஸெல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023 இல்தான் வந்தது. படிவத்துக்காக நாம் பெயரை மாற்றிக்கொள்வது போல, ஜீனும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று, பாருங்கள்.

இதனால்தான், வரிசைகளையும் அவற்றின் பெயர்களையும் எக்ஸெல்லில் ஒட்டி வெட்டிக் கையாளாமல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிச் செய்யுங்கள் என்கிறேன். கையால் செய்ததை நாளைக்கு அதே மாதிரி மறுபடி செய்ய முடியாது. ஸ்கிரிப்ட் என்பது எழுதி வைத்த சமையல் குறிப்பு. இன்னொருவர் அதைப் படித்துத் தவறு கண்டுபிடிக்கலாம்.

இருபது வரிகள் போதும்

பைத்தான் மொழி 1991 இல் வெளிவந்தது. உயிரியல் வேலைகளுக்கென்று அதில் பயோபைத்தான் என்ற கருவித் தொகுப்பை 1999 முதல் பல நாட்டவர் சேர்ந்து உருவாக்கி வருகிறார்கள். இரண்டும் இலவசம். அதில் சீக்-ஐஓ என்ற பகுதிதான் வரிசை ஃபைல்களைப் படிக்கவும் எழுதவும் உதவுவது. எங்கள் வகுப்பில் முதலில் எழுதும் ஸ்கிரிப்டைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. பயோபைத்தானிலிருந்து சீக்-ஐஓவை எடுத்துக்கொள்.

2. மூல ஃபைலைத் திற. அது எந்த வகை என்பதையும் நீயே சொல். (பெயரின் வாலைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஊகிக்க வேண்டாம்.)

3. வரிசைகளை ஒவ்வொன்றாக எடு. எடுக்கும்போதே எண்ணிக்கொள்.

4. ஒவ்வொன்றிலும் அடையாளத்தைப் பார். முன்பே வந்த அடையாளமானால் நிறுத்திச் சொல்.

5. எழுத்துகளின் நீளத்தைப் பார். ஏ, சி, ஜி, டி தவிர வேறு எழுத்து எத்தனை என்று குறித்துக்கொள். (படிக்க முடியாத இடத்தில் 'என்' என்ற எழுத்தைப் போடுவது வழக்கம்.)

6. வேண்டியவற்றை மட்டும் புதுப் பெயருள்ள ஃபைலில் எழுது.

7. எத்தனை படித்தாய், எத்தனை விலக்கினாய், எத்தனை எழுதினாய் என்று மூன்று எண்களையும் அச்சிடு.

மூன்றாவது வரியில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. முழு மூட்டையையும் ஒரேயடியாக நடுக்கூடத்தில் கொட்டாமல், தபால்காரர் மாதிரி ஒவ்வொரு கடிதமாக எடுத்துக் கொடுக்கும். ஆகவே லட்சக்கணக்கான துண்டுகள் உள்ள ஃபைலையும் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே படித்துவிடும். நேரம்தான் கொஞ்சம் ஆகும். ஒரு முறை எடுத்துக் கொடுத்து முடிந்தால் பை காலி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது முறை படிக்க வேண்டுமானால் ஃபைலை மறுபடி திறக்க வேண்டும்.

ஆறாவது வரியை முடித்ததும் சீக்-ஐஓ தானாகவே 'இத்தனை எழுதினேன்' என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு சந்தேகமும் கேட்பார்கள்: "எழுத்துகள்தானே, சாதாரணத் தேடலிலேயே தேடிக்கொள்ளக் கூடாதா?" கூடாது. ஃபாஸ்டா ஃபைலில் அறுபது எழுபது எழுத்துக்கு ஒரு தரம் வரி உடைந்திருக்கும். தேடும் துண்டு பாதி இந்த வரியிலும் பாதி அடுத்த வரியிலும் இருந்தால் சாதாரணத் தேடலுக்கு அகப்படாது. சீக்-ஐஓ வரிகளை ஒட்டி ஒரே இழையாக்கித் தரும்.

நம்மவர்களின் பழைய சொத்து

என் தகப்பனார் இந்த ஊருக்கு வந்தது படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலைக்கு. நம் சங்கத்தை ஆரம்பித்த தலைமுறையில் பலரும் அப்படி வந்தவர்கள்தாம்: கணக்கர், சுருக்கெழுத்தர், தட்டெழுத்தர். சாயங்காலம் வரவும் செலவும் ஒட்டாமல் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். நாலணா குறைந்தாலும் சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட விட மாட்டார். எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். தட்டெழுத்தர்கள் ஒருவர் படிக்க, ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தாளை மேஜைக்கு அனுப்புவார்கள். "மதராஸிக் குமாஸ்தா" என்று கேலி செய்தவர்களும் கணக்கு முடிக்கிற நாளில் அவர்களைத்தான் தேடி வந்தார்கள்.

அந்தச் சிரத்தையைத்தான் நம் பிள்ளைகள் இந்தப் புதிய வேலைக்கு எடுத்து வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்கிரிப்ட் எழுதக் கற்பது பெரிய விஷயமல்ல. ஒரு மழைக்காலத்து ஞாயிறுகள் போதும். வந்ததும் போனதும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுகிற பழக்கமும், பெயர் வரியை உயிராகப் பாதுகாக்கிற பழக்கமும் வீட்டிலிருந்து வர வேண்டியவை. எழுத்துகள் தொலைந்தால் மாதிரியிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். எந்த எழுத்து யாருடையது என்பது தொலைந்துவிட்டால், எத்தனை லட்சம் எழுத்து கையில் இருந்தாலும் டாக்டருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உயிரியல் படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணுக்குக் கிருமியின் குணமும் தெரிந்து, இந்த இருபது வரியும் எழுதத் தெரிந்தால் அவளை ஆய்வுக்கூடங்கள் வரவேற்கும். எஞ்சினீயருக்கு ஸ்கிரிப்ட் தெரியும். 531 உம் 450 உம் ஒரே இடம் என்பது தெரியாது. அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வகுப்பு ஞாயிறு பதினொரு மணிக்கு. கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் வரலாம். இருவருக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் மட்டும் கட்டாயம். வீடு திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண் கேட்காதீர்கள். "எத்தனை படித்தாய், எத்தனை எழுதினாய், இரண்டும் ஒட்டியதா?" என்று மட்டும் கேளுங்கள்.